இரு

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டை என் ஆசைக்கு எழுதவில்லை. ஷாகிதா எழுதச் சொன்னாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிற பெண். முப்பது வயதுகூட இருக்காது, குரலில் மட்டும் தலைமையாசிரியை தோரணை.

"சார் என்ன வார்த்தை சொல்றாங்க, எத்தன தடவ சொல்றாங்க, எதப் பாத்துச் சொல்றாங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுங்க டீச்சர். நாங்க வாரவாரம் பாப்போம். மொத மூணு மாசத்துல வர்ற பேச்சுதான் நெறய வரும். அதுக்கப்புறம் கஷ்டம்."

இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்துகிறவளுக்கு வீட்டுப்பாடம். பள்ளிக்கு விடுப்புப் போட்டு வீட்டில்தானே இருக்கிறேன், எழுதுகிறேன்.

பெயர் எபனேசர். என் கணவர். வயது ஐம்பத்தாறு. தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. நாம் பேசுவது புரிகிறது. அன்று நான் ஸ்ரீவைகுண்டத்தில் ஜெபா அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன்.

இன்றைய சொற்கள்: இரு.
எத்தனை முறை: பதினொன்று.
எதைப் பார்த்து: என்னைப் பார்த்து.

வேறு சொல் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் இரு, வலித்தாலும் இரு. ஒரு மொழியில் எத்தனை ஆயிரம் சொல் இருக்கிறது! இந்த ஒன்றா மிஞ்ச வேண்டும்?

மார்ச் 4, செவ்வாய்

இட்லி இரண்டு, பால் அரை டம்ளர். வாயின் வலது ஓரம் வழிகிறது. மாற்றுச் சேலை எடுக்கக் கட்டிலடியிலிருந்து பையை இழுத்தேன். உடனே ஆரம்பித்துவிட்டார். இரு, ஒன்பது முறை. பொருள்: பொறு.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போக முடியவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டினேனோ இல்லையோ, இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "இரு. இரு. இரு." பக்கத்து வீட்டு எஸ்தர் துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

"போயிட்டு உடனே வந்துருவேன் அத்தான். ஆராதனை முடிஞ்ச நிமிசம் வீடு."

விடவில்லை. எஸ்தரை அனுப்பிவிட்டு ரேடியோ பிரசங்கம் கேட்டோம். மத்தியானம் ஜெபா அக்கா போன்.

"ஏட்டி சுகிர்தா, மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு? நீ ஒழுங்கா திங்குதியா?"

"திங்குதேன்."

"நீ அன்னைக்குச் சொன்னதெல்லாம் யார்கிட்டயும் நான் மூச்சு விடல, கேட்டியா?"

"சரிக்கா, வைக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

இரு, பத்தொன்பது முறை.

மார்ச் 14, வெள்ளி

ஷாகிதா நோட்டை வாங்கிப் படித்தாள். "கைப்பையத் தூக்குனாலே சொல்றாங்களா?" என்று கேட்டாள். நான் சுடுதண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அடுத்த கேள்வி தயாராக இருந்தது.

"சாருக்கு ரொம்பப் பிடிச்ச வேலை எது டீச்சர்? கை பழகின வேலையச் செய்யும்போது பேச்சு வர்றதுண்டு."

சொட்டைப் படம் பிடிப்பார் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தண்ணீர்ச் சொட்டு தண்ணீரில் விழுகிற நொடியைக் கேமராவில் பிடிப்பது. ஓய்வு வாங்கிய மூன்று வருடமும் இதுதான். காலையில் பின்னறைக்குள் போனால் சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும். கதவுக்கு உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும். என்ன பதில் என்று ஷாகிதாவிடம் சொல்லவில்லை.

"அந்த ரூமத் திறந்து சாரக் கூட்டிட்டுப் போங்க."

"சாவியத் தேடணும்மா" என்றேன். சாவி என் இடுப்புச் செருகலில் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

திறந்தேன். நாற்பது நாள் பூட்டிய அறை, பூஞ்சை வாடை. சக்கர நாற்காலியை உள்ளே தள்ளியதும் அவர் முகம் மாறிவிட்டது. இந்த முகத்தைப் பார்த்து வருடக்கணக்காகிறது என்று எழுதினால் அது நோயைப் பற்றியது இல்லை.

ஜன்னலில் கறுப்புப் போர்வை. ஸ்டாண்டில் தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில், அதன் வாயில் பழைய குடிநீர் மெஷினிலிருந்து கழற்றிய வால்வு. கீழே என் கேக் ட்ரே! இரண்டு கிறிஸ்துமஸாக வீடெல்லாம் தேடினேன், "எனக்கென்ன தெரியும்" என்று நின்ற மனுஷர். பக்கத்தில் டிபன் டப்பா அளவில் அவரே செய்த பெட்டி. உள்ளே மைக்ரோகண்ட்ரோலர் போர்டு என்று ஒன்று இருக்கிறது. வால்வு எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், சொட்டு விழுந்து எத்தனை மில்லி விநாடி கழித்து ஃப்ளாஷ் வெட்ட வேண்டும் என்பதை அதுதான் கணக்காகச் சொல்லும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி. "நம்ம கண்ணு கோட்டை விடுத நேரத்த இது பிடிக்கும் சுகி" என்பார். எனக்கு அப்போது பருப்பு தீய்ந்துகொண்டிருக்கும்.

பெட்டியில் மூன்று திருகு. மேலே பேப்பர் டேப்பில் அவர் கையெழுத்து: துளி, இடைவெளி, ஒளி. நான் அவருக்கு வலது கை. அவர் இடது கையால் காட்டக் காட்ட நான் திருகினேன். ட்ரேயில் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர். விளக்கை அணைத்து, கேமராவைத் திறந்து, பொத்தானை அழுத்த வேண்டும். சொட்டு விழும், ஃப்ளாஷ் வெட்டும்.

ஏழாவது தடவை படம் விழுந்தது. தண்ணீர் கிரீடம் மாதிரி எழும்பி நிற்கிறது. மூன்று வருடமாக நான் நின்று பார்க்காத படம். அழகாகத்தான் இருக்கிறது, பாவி மனுஷர்.

அவருக்குச் சந்தோஷமில்லை. "இரு" என்றார். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். "இரு, இரு." இன்னும் காத்திருந்தேன். மேசையை இடது கையால் ஓங்கி அடித்தார்.

இடைவெளி என்ற திருகை எவ்வளவு திருகினாலும் எதுவும் மாறவில்லை. கெட்டுப்போயிருக்கும்.

இரு, இருபத்தேழு முறை.

மார்ச் 22, சனி

இன்றும் அதே கூத்து. படம் விழுகிறது, இவர் இரு என்கிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு பொறுக்கிறேன், பொறுக்கப் பொறுக்க இவருக்குக் கோபம் ஏறுகிறது. ஒரு மனுஷி எவ்வளவுதான் பொறுப்பாள்? நான் கத்திவிட்டேன்.

"என்ன இரு? இருந்துக்கிட்டுத்தான இருக்கேன்! இன்னும் எப்படி இருக்கச் சொல்லுதிய?"

அவர் அழுதார். இடது கண்ணிலிருந்தும் வலது கண்ணிலிருந்தும் ஒரே மாதிரிதான் வருகிறது. விளக்கைப் போட்டு, துடைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை.

இரு, ஆறு முறை. அப்புறம் ஒன்றுமில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு சொல்லும் இல்லை. மூன்று நாளாகிறது. "இப்படி மூடிக்கிட்டா அப்படியே போயிரும் டீச்சர், விட்டுராதீங்க" என்றாள் ஷாகிதா. அந்தச் சொல்லைக் கேட்கப் பயந்தவள் நான். இப்போது அது வராதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

இதை நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஷாகிதா கண்ணில் படக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை நான் நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் போகவில்லை. ஒருநாள் விசேஷத்துக்கு ஒன்பது சேலை எதற்கு? சர்டிபிகேட் கவர் எதற்கு? எல்லாம் பையில் இருந்தன. ஜெபா அக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பைதான் இன்னும் கட்டிலடியில் கிடக்கிறது. நான் இந்த வீட்டில் பையிலிருந்து சேலை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"காலையில ஒன்பது மணிக்குக் கிளம்பணும் அத்தான்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். ஒன்பதுக்குக் கூப்பிட்டேன். "இரு, வாரேன்." பத்துக்குக் கூப்பிட்டேன். "இரு சுகி, இது மட்டும்." பத்தே முக்காலுக்குப் பையோடு வாசலில் நின்று, "நான் போறேன்" என்றேன். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் எந்தக் கோபத்திலும் யாரும் அப்படிச் சொல்லிக் கிளம்ப மாட்டார்கள். தெரிந்துதான் சொன்னேன். உள்ளேயிருந்து "இரு" என்று ஒரு சத்தம். அதுதான் கடைசி. கேட்டைச் சாத்தும்போது நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

சாயங்காலம் திரும்பி வந்தது அவருக்காக இல்லை. திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டை மறந்து வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குள் போய்விடலாம் என்று வந்தேன். ஐந்து நாற்பதுக்குப் பின்னறையில் கிடந்தார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் தெளித்தேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன், பிறகு கேமராவை அணைத்தேன். பாட்டரி வீணாகுமே என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கடைசியா நல்லா இருந்தத எப்ப பாத்தீங்கம்மா?" என்று கேட்டார். "பத்தே முக்கால்" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறே கால். "மூளையில ரத்தக்கட்டி கரையுறதுக்கு ஒரு ஊசி இருக்கு. வந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எப்ப வந்துச்சுன்னு தெரியாமப் போட்டா உயிருக்கே ஆபத்து. வேற யாராவது நடுவுல பாத்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை. ஊசி போடவில்லை.

அவருக்கு மிஞ்சின ஒரு சொல் அன்று வாசலில் நின்ற எனக்குச் சொன்ன சொல். அதைத்தான் ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிறார் என்று நினைக்கிறேன். இருந்திருக்கலாமே என்கிறார். இதைத் தாண்டி நான் என்னத்தைப் பொருள் எழுதுவது?

மார்ச் 30, ஞாயிறு

பின்னறையைக் கழுவலாம் என்று போனேன். ட்ரேயைத் தூக்கும்போது கேசரித் தண்ணீர் மேசையெல்லாம் கொட்டிற்று. பெட்டி நனையுமே என்று பதறிக் கையில் தூக்கினேன். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதற்கும் டேப் ஒட்டியிருந்தார். மேலே தள்ளினால் "ஒரு துளி". கீழே தள்ளினால் "இரு துளி".

நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம். நான் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இவர் கையில் டேப்போடு வந்து நின்றார். "சுகி, ஒரு சொட்டு விடுததுக்கும் ரெண்டு சொட்டு அடுத்தடுத்து விடுததுக்கும் தமிழ்ல சுருக்கமா என்ன எழுதலாம்?" தலையைக்கூடத் தூக்காமல் சொன்னேன்: "ஒரு துளி, இரு துளி. இரண்டுங்கறது பெயருக்கு முன்னால வந்தா இருன்னு ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்." "நல்லா இருக்கே" என்றார். போய்விட்டார். அதற்கப்புறம் அந்த அறையில் அவர் ரெண்டு என்று சொன்னதே இல்லையோ என்னவோ. நான்தான் உள்ளே போனதில்லையே.

தமிழாசிரியை! பொறு என்று பொருள் எழுதினேன். இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு 'இடம் நோக்கிப் பொருள் கொள்க' என்று பாடம் நடத்தினவள்.

ஓடிப்போய் அவரை எழுப்பினேன். "அத்தான், இரு துளியா? ரெண்டு சொட்டா கேட்டிய?"

எட்டு நாளாகத் திறக்காத வாய். "இரு" என்றார். தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "இரு, இரு, இரு." மேசையில் அடித்த அதே கையால் என் கன்னத்தைத் தட்டினார், வலிக்கத்தான் செய்தது.

எண்ணவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு நாளாகப் பார்க்கிறோம், இரண்டு சொட்டும் சேரவில்லை. முதல் சொட்டு விழுந்து, குழி உண்டாகி, அதிலிருந்து தண்ணீர் ஒரு தூண் போல எழும்பும். அதன் தலையில் இரண்டாவது சொட்டு வந்து விழ வேண்டும். இடைவெளி என்ற திருகு இதற்குத்தான். அது கெடவே இல்லை. அறையைத் திறந்த அன்று பெட்டியைத் துடைக்கிறேன் என்று நான்தான் தெரியாமல் சுவிட்சையும் தள்ளி, அவர் வைத்திருந்த அளவையெல்லாம் கலைத்துவிட்டேன்.

அவர் கடைசியாக எடுத்த படங்களைப் பார்த்தால் அளவு பிடிபடும் என்று, அவர் தூங்கும்போது கேமராவில் பின்னோக்கிப் போனேன். அதுவரை பழைய படங்கள் பக்கம் நான் போகவில்லை. எல்லாம் அந்தச் சனிக்கிழமை எடுத்தவை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் இடைவெளி அளவைச் சீட்டில் எழுதி வைத்து எடுத்திருக்கிறார். நூற்றுப்பத்து. நூற்றெட்டு. நூற்று நாலு. அதற்குக் கீழே கேமரா போடுகிற நேரம்.

அன்று எடுத்த கடைசிப் படம் மாலை 4:18.

நாலு பதினெட்டுக்கு அவர் நன்றாக இருந்திருக்கிறார். நின்றுகொண்டு, சீட்டில் எழுதி, பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஆறே காலுக்கு ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலரை மணி நேரம் இருந்தது அந்த ஊசிக்கு. நடுவில் யாராவது பார்த்தார்களா என்று டாக்டர் கேட்டார். இந்தக் கேமரா பார்த்திருக்கிறது. அதைத்தான் நான் கையால் அணைத்துவிட்டுப் போனேன்.

கேமராவின் கடிகாரம் தப்பாக இருக்கும் என்று என் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தப்பாக இருக்கட்டும் ஆண்டவரே என்று வாய்விட்டு ஜெபித்தேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அவர் வைத்த கடிகாரம் பிசகுமா?

ஏப்ரல் 3, வியாழன்

ஷாகிதாவிடம் சொன்னேன். பின்பக்கத்தையும் படிக்கக் கொடுத்தேன். "அந்த ஊசி போட்டாலும் எல்லாருக்கும் கேக்கறதில்ல டீச்சர். போட்டு மோசமானவங்களும் உண்டு" என்றாள். "எனக்குச் சமாதானம் சொல்லாத" என்றேன்.

"சரி, சொல்லல. சார்கிட்டச் சொல்லுங்க. அவங்களுக்கு எல்லாம் புரியும்னு மொதப் பக்கத்துல நீங்கதான எழுதியிருக்கீங்க?"

ஏப்ரல் 5, சனி

காலை பத்தரைக்குப் பின்னறை. விளக்கைப் போட்டு, கேமராவை அவர் மடியில் வைத்தேன். கடைசிப் படம்.

"அத்தான், இதப் பாருங்க. கீழ மணியப் பாருங்க. நாலு பதினெட்டு. ஆஸ்பத்திரியில கேட்டப்ப எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன். இந்தக் கேமராவத் தொட்டேன் அத்தான், தொட்டு அணைச்சேன், பாக்கல. பாத்திருந்தா உங்களுக்கு ஊசி போட்டிருப்பாங்க. அப்புறம், நான் அன்னைக்குத் திரும்பி வாரதுக்குப் போகல. உங்கள விட்டுட்டுப் போனேன். விடைத்தாளுக்காகத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டேன்.

அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இடது ஆள்காட்டி விரல் திரையில் நகர்ந்தது. மணி மேல் நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. மேலே ஏறிப்போய் இரண்டாவது சொட்டின் மேல் நின்றது. எழும்பி நிற்கிற தூணுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நகக்கண் அளவு இடம். "இரு" என்று அந்தச் சொட்டைத் தட்டினார். அந்த இடத்தைத் தட்டினார். நாக்கைச் சப்புக்கொட்டினார், தாமதம் என்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, திருகுப் பக்கம் கையை நீட்டி, குறை, குறை என்று இடப்பக்கமாகச் சுழற்றிக் காட்டினார்.

"நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன பாக்கிய?" என்றேன். அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. ஒருத்தி தன் பாவத்தை அறிக்கையிடுகிறாள், மனுஷர் சொட்டு பிந்தியதற்கு வருத்தப்படுகிறார்! காதில் விழவில்லையோ என்று மறுபடி ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்தார். பிடித்து, அழுத்தி, நான் வாயை மூடும்வரை விடவில்லை. விழுந்திருக்கிறது, எல்லாம்.

அப்புறம் கையைக் கொண்டுபோய்த் திருகின் மேல் வைத்தார்.

நூற்று மூன்று. நூற்றிரண்டு. நூறு. தொண்ணூற்றெட்டில் விளக்கை அணைத்தேன், பொத்தானை அவர் இடது கையால் அழுத்தினார். தூணின் தலையில் இரண்டாவது சொட்டு விழுந்து, விரித்த குடை மாதிரி நாலாபக்கமும் பரந்து நின்றது, சிவப்பாக. ஓரத்திலெல்லாம் சின்னச் சின்ன மணிகள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். அந்தச் சனிக்கிழமை என்னைக் காக்க வைத்தது இதற்குத்தான். இதற்காக நான் ஒரு மணி நேரம் நின்றிருக்க மாட்டேனா என்று கேட்டால், அன்று நின்றிருக்க மாட்டேன். பொய் எழுத இனி தெம்பில்லை.

மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டுக் கட்டிலடியிலிருந்து பையை இழுத்தேன். "இரு" என்று ஆரம்பித்தார். "இருங்க, பாருங்க" என்று ஒவ்வொரு சேலையாக எடுத்து பீரோவில் அடுக்கினேன். ஏழு சேலை இருந்தன, இரண்டு துவைக்கக் கிடக்கின்றன. சர்டிபிகேட் கவரை அவருடைய ஓய்வு ஆர்டர் இருக்கிற தட்டில் வைத்தேன். காலிப் பையை உதறி மடித்துப் பரணில் போட்டேன். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எஸ்தர் ஏழரைக்கே துணைக்கு வந்துவிட்டாள். கைப்பையை மாட்டினேன். முந்தானைக்குக் கை வரும் என்று அங்கேயே நின்றேன். வரவில்லை. வாசலுக்குப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி நின்று சொன்னேன்.

"போயிட்டு வாரேன் அத்தான்."

உதடு கோணிற்று. எதையோ தேடுகிற மாதிரி வாய் இரண்டு தரம் திறந்து மூடிற்று. நான் கேட்டில் கையை வைத்தபடி காத்திருந்தேன். ஆராதனை மணி அடித்து முடிந்துவிட்டது.

இன்றைய சொற்கள்: இரு, நான்கு முறை. வா, ஒரு முறை.
எதைப் பார்த்து: என்னைப் பார்த்து.